வருமுன் காப்பதும் தவக்குலே



ஒரு கடிதத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. தரம் 6இல் படிக்கும் பெண்பிள்ளை உள்ள வீடுகளுக்குப் பாடசாலையிலிருந்து அந்தக் கடிதம் வரும். உங்கள் மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்பட இருக்கிறது, சம்மதமாயின் கையொப்பமிட்டு அனுப்புங்கள் என்பதே அதன் சாராம்சம்.

2018ஆம் ஆண்டு நான் கற்பிக்கும் பாடசாலையிலும் அக்கடிதம் கொடுக்கப்பட்டது. மறுநாள் காலை ஒரு தாய் எனது வகுப்பறை வாசலில் வந்து நின்றார். கையில் அந்தத் தாள். "மௌலவி, இந்த ஊசி போடலாமா? கருப்பைக்குரிய ஊசி என்டு சொல்றாங்க. எங்கட பிள்ளைகளுக்கு என்னத்துக்கு இது?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்கு அந்த ஊசியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட எத்தனையோ கேள்விகளுக்குத் தெரியாது என்றே பதிலளித்தார்கள் என மாணவர்களுக்குப் படித்துக் கொடுப்பவன் நான். ஆனால் மௌலவி என்று நம்பி வந்தவரிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "கட்டாயமில்லைதானே, பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் சொன்னது மாலைக்குள் பல வீடுகளுக்குப் போய்விட்டது. அந்த வருடம் எமது தரம் 6 வகுப்பிலிருந்து பல கடிதங்கள் கையொப்பம் இல்லாமலே திரும்பி வந்தன.

அதே வருடக் கடைசியில்தான் எனது சாச்சி நோயில் விழுந்தார்.

மூன்று முறை கொடுத்த துண்டு

சாச்சிக்கு அப்போது 52 வயது. மாதவிடாய் நின்று இரண்டு வருடங்களுக்குப் பிறகு மீண்டும் இரத்தம் காணத் தொடங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் சொல்ல வெட்கம், கணவரிடம் சொல்லத் தயக்கம். தானாக நின்றுவிடும் என்று ஏறக்குறைய ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறார். இடுப்பு வலி தாங்க முடியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போனபோது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்றார்கள். அது அடுத்த உறுப்புகளுக்கும் பரவியிருந்தது. மஹரகமையில் சிகிச்சை பெற்றார். 2019இல் வபாத்தானார். அல்லாஹ் அவரது கப்றை விசாலமாக்குவானாக.

மையித்து வீட்டுக்கு எங்கள் பகுதி மருத்துவமாதுவும் வந்திருந்தார். எனது மனைவியிடம் அவர் சொன்ன ஒரு வார்த்தை பின்னர் என் காதுக்கு வந்தது. "சாச்சிக்கு நான் மூன்று முறை கிளினிக்குக்கு வரச் சொல்லித் துண்டு கொடுத்தேன். மூன்று முறையும் 'எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே மகள்' என்றுதான் சொன்னார்."

சகோதரிகளே, அந்த வார்த்தையைச் சற்றுக் கவனியுங்கள். வருத்தம் இல்லை என்பதுதான் சாச்சி போகாததற்குக் காரணம். ஆனால் அந்தக் கிளினிக்கே வருத்தம் இல்லாதவர்களுக்காக நடத்தப்படுவது. இந்த ஒன்றைச் சாச்சிக்கு விளங்க வைக்க எங்களில் யாரும் இருக்கவில்லை. அன்றைய நிலையில் என்னிடம் கேட்டிருந்தால் நானும் 'பொறுத்துப் பார்ப்போம்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

நாற்பது நாள் கழிந்த பின்னர், கேட்க வேண்டியவற்றை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் வைத்தியர் பொறுமையோடு விளக்கினார். அதன் பிறகு நான் வாசித்தறிந்தவற்றையும் சேர்த்து இங்கே தருகின்றேன்.

மாரிக்கு முன் கூரை

நாம் பொதுவாக மருத்துவம் என்றால் நோய் வந்த பின் மருந்து குடிப்பது என்றே நினைக்கின்றோம். ஆனால் மாரி மழை தொடங்கும் முன்னர் கூரை ஓட்டைச் சரிபார்க்காத குடும்பம் நமது ஊர்களில் உண்டா? நீர் ஒழுகிய பின் ஏணி தேடுவதில்லை. அதுபோல உடல் சுகமாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை சில உண்டு. அவை மூன்று வகைப்படும்.

முதலாவது, நோய் வராமல் காக்கும் தடுப்பூசி. இரண்டாவது, நோய் வெளியே தெரியும் முன்னர் அதைத் தேடிப் பிடிக்கும் பரிசோதனை. மூன்றாவது, இவற்றைச் செய்பவர்கள் நம்மை உட்கார வைத்து விளங்கப்படுத்திச் சொல்லும் ஆலோசனை. எந்த வயதில் எதைச் செய்வது, யாருக்குச் செய்யக் கூடாது, எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்பதையெல்லாம் வகுத்து வைத்திருப்பதையே வழிகாட்டல் என்று வைத்தியர்கள் சொல்கின்றார்கள்.

இது தவக்குலுக்கு மாற்றமானதா? ஒட்டகத்தைக் கட்டாமல் அல்லாஹ்வை நம்பி விட்டுவிடட்டுமா என்று கேட்ட மனிதருக்கு, கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லிக் கொடுத்த சம்பவம் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். உமர் (ரழி) அவர்கள் ஷாமை நோக்கிப் பயணம் செய்தபோது ஸர்க் என்ற இடத்தில் வைத்து, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகக் கேள்விப்பட்டார்கள். உடனே முடிவு செய்துவிடவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அன்ஸார்களைக் கேட்டார்கள். குறைஷிகளில் மூத்தவர்களையும் கேட்டார்கள். அதன் பின்னரே திரும்பிச் செல்லத் தீர்மானித்தார்கள். இது அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுவதாகாதா என்று அபூஉபைதா (ரழி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து மற்றொரு கத்ரின் பக்கமே செல்கின்றோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். நோய் வருமுன் காத்துக்கொள்வதற்கும் அறிந்தவர்களோடு மஷூரா செய்வதற்கும் இதைவிட நமக்கு வேறு முன்மாதிரி தேவையில்லை.

எல்லாவற்றையும் தேட வேண்டுமா?

அந்த வைத்தியரிடம் நான் கேட்ட முதற் கேள்வி இதுதான்: "அப்படியானால் எல்லா நோய்க்கும் எல்லோரையும் பரிசோதித்து விடலாமே?"

அவர் சிரித்தார். அப்படியல்ல என்றார். 1968ஆம் ஆண்டு வில்சன், யுங்னர் என்ற இருவர் உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக இது பற்றிப் பத்து விதிகளை எழுதினார்கள். சுகதேகிகளிடம் ஒரு நோயைத் தேடப் புறப்படும் முன் என்ன கேட்க வேண்டும் என்பதே அவ்விதிகள். அவற்றின் சாரத்தை வீட்டுப் பேச்சில் இப்படிச் சொல்லலாம். நோய் பாரதூரமானதாக இருக்க வேண்டும். அது வெளியே தெரியும் முன்னர் மறைந்திருக்கும் காலம் ஒன்று இருக்க வேண்டும். அக்காலத்தில் அதைக் கண்டுபிடிக்க, மக்கள் ஏற்கக்கூடிய எளிய பரிசோதனை இருக்க வேண்டும். கண்டுபிடித்தால் கொடுப்பதற்குப் பலன் தரும் சிகிச்சை இருக்க வேண்டும். செலவும் நியாயமாக இருக்க வேண்டும்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் இவை அனைத்துக்கும் பொருந்துகின்றது. எச்.பி.வி. எனும் வைரஸ் உடலில் தங்கிய பின்னர் அது புற்றுநோயாக மாறுவதற்குப் பெரும்பாலும் 15 முதல் 20 வருடங்கள் செல்கின்றன. அத்தனை நீண்ட அவகாசத்தை அல்லாஹ் நமக்குத் தந்திருக்கின்றான். இடையில் ஒரு முறை பார்த்தாலும் மாற்றமடைந்த கலங்களைக் கண்டுபிடித்துச் சிறிய சிகிச்சையோடு அகற்றிவிடலாம். சாச்சி 35 வயதில் போயிருந்தால் என்ற எண்ணம் இதைக் கேட்ட அன்று முழுவதும் என்னை விட்டுப் போகவில்லை.

மறுபக்கம் சூலகப் புற்றுநோயைப் பாருங்கள். அதுவும் பாரதூரமானதுதான். ஆனால் அறிகுறி இல்லாத பெண்களிடம் அதைத் தேடும் பரிசோதனைகள் மரணத்தைக் குறைப்பதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. எனவே பொதுவான பெண்களுக்கு அது விதந்துரைக்கப்படுவதில்லை.

தேவையற்ற தேடல் தீங்காகவும் முடியும். தென்கொரியாவில் தைரொயிட் சுரப்பியை ஸ்கேன் செய்து பார்க்கும் வழக்கம் பரவியது. 2011ஆம் ஆண்டில் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட தைரொயிட் புற்றுநோயின் வீதம் 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்கு. ஆனால் அந்நோயால் இறப்போரின் வீதத்தில் மாற்றம் இல்லை. அதாவது, வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமல் இருந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளுக்காகப் பெருந்தொகையானோர் சுரப்பியை அகற்றிக்கொண்டு, ஆயுள் முழுவதும் மாத்திரை குடிப்பவர்களாக மாறினார்கள். ஆகவே, 'முழு உடல் பரிசோதனை, இத்தனை ரூபா' என்று விளம்பரம் கண்டால் நகையை அடகு வைத்து ஓடாதீர்கள். முதலில் உங்கள் வயதுக்கு வழிகாட்டலில் உள்ளதைச் செய்யுங்கள். அதில் பெரும்பாலானவை அரசாங்கக் கிளினிக்கில் இலவசம்.

'ஒரு காலம் ஒன்று சொல்கிறார்கள், பிறகு மாற்றிச் சொல்கிறார்களே' என்று சில சகோதரிகள் கேட்பதுண்டு. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் ஈராக்கில் சொன்ன கருத்துகள் பலவற்றை எகிப்துக்கு வந்த பின் மாற்றினார்கள். அதை நாம் குறையாகக் கருதுவதில்லை. புதிய ஆதாரத்தைக் கண்ட பின் பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் குறை. எச்.பி.வி. ஊசி எமது நாட்டில் 2017இல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகளாக ஆரம்பிக்கப்பட்டது. 2022இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஒரே ஊசியும் போதிய பாதுகாப்புத் தரக்கூடும் என்று அறிவித்தது. உங்கள் பிள்ளைக்கு எத்தனை என்பதைப் பாடசாலைக் கடிதத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசிகள் நமக்குத் தந்தவை

அம்மை குத்தும் வழக்கத்தை ஐரோப்பா கற்றதில் முஸ்லிம் நாட்டுப் பெண்களுக்கும் பங்குண்டு. துருக்கியில் பெண்கள் பிள்ளைகளுக்கு அம்மைப்பால் குத்துவதைக் கண்ட மேரி மொண்டேகு என்ற ஆங்கிலேயத் தூதுவரின் மனைவி, 1718இல் அங்கேயே தமது மகனுக்கும் அதைச் செய்வித்தார். பிறகு தமது நாட்டிலும் அதைப் பரப்பினார். அதற்குப் பல வருடங்களின் பின் 1796இல்தான் ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு பாதுகாப்பான முறையைக் கண்டறிந்தார்.

எமது நாட்டில் விரிவாக்கப்பட்ட நோய்த் தடுப்புத் திட்டம் 1978இல் ஆரம்பமானது. இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பிய பிள்ளைகளை மூத்த தலைமுறையினர் கண்டிருப்பார்கள். இங்கே கடைசி நோயாளி 1993இல் பதிவானார். ருபெல்லாத் தடுப்பூசி 1996இல் அறிமுகமானது. கர்ப்பிணிக்கு ருபெல்லா வந்தால் வயிற்றிலுள்ள பிள்ளை செவிடாகவோ குருடாகவோ இருதயக் கோளாறுடனோ பிறக்கலாம். ஆனால் கர்ப்பமான பிறகு இந்த ஊசியைப் போட முடியாது. எனவே இது போடாத பெண்கள் நிகாஹுக்கு முன்னரே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு நோய் போய்விட்டது என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. சின்னமுத்து ஒழிக்கப்பட்டதாக 2019இல் எமது நாடு சான்றிதழ் பெற்றது. 2023இல் அது மீண்டும் தலைகாட்டியது.

ஊசியைப் பற்றிய பயத்தை அதிகாரிகள் அலட்சியம் செய்வதில்லை என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லலாம். ஐந்து நோய்களைத் தடுக்கும் ஐங்கூட்டு ஊசி 2008 ஜனவரியில் அறிமுகமானது. ஊசி போட்ட சில குழந்தைகளின் மரணம் பற்றி முறைப்பாடுகள் வந்ததும் சில மாதங்களிலேயே அது நிறுத்தப்பட்டு விசாரிக்கப்பட்டது. ஊசிதான் காரணம் என நிரூபிக்கப்படாததால் 2010இல் மீண்டும் தொடங்கப்பட்டது. ஆகவே ஊசியின் பின் காய்ச்சலோ வீக்கமோ வேறு மாற்றமோ கண்டால் அண்டை வீட்டில் மட்டும் சொல்லாதீர்கள். மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். அது எழுதப்பட்டு மேலிடத்துக்குப் போகும்.

தாய்மார் கேட்ட கேள்விகள்

இனி, எனது கொப்பியில் இருந்த கேள்விகளைச் சொல்கிறேன். இவை அநேகமாக உங்கள் மனதில் உள்ளவைதாம்.

'இது பிள்ளைப் பேற்றைத் தடுக்கும் ஊசியா?' இல்லை. மகப்பேற்றை அது பாதிப்பதாக எந்த ஆதாரமும் இல்லை. எமது நாட்டில் எல்லாச் சமூகத்துப் பெண்பிள்ளைகளுக்கும் ஒரே ஊசிதான். அபூதாபியில் 2008 முதலும் மலேசியாவில் 2010 முதலும் பாடசாலை மாணவியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகின்றது. உண்மையில் பிள்ளைப் பேற்றைப் பறிப்பது அந்தப் புற்றுநோய்தான். கருப்பையையே அகற்ற வேண்டி வரும்போது ஒரு பெண் எதை இழக்கிறாள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

'ஹராமான பொருள் கலந்ததா?' 2017இல் இங்கே அறிமுகமான வகையில் உயிருள்ள வைரஸும் இல்லை, ஜெலட்டினும் இல்லை. நாம் பாணுக்கும் அப்பத்துக்கும் சேர்க்கும் ஈஸ்டின் இனத்தைக் கொண்டே அதன் புரதம் வளர்க்கப்படுகின்றது.

'இந்த வைரஸ் தகாத உறவால் வருவதாமே. என் மகளுக்கு இதைப் போடுவது அவள் மீது சந்தேகப்படுவது போல் அல்லவா?' வாசலில் வந்து நின்ற அந்தத் தாயின் மனதிலும் இருந்தது இதுதான் என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன். சகோதரிகளே, இதைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். இந்த வைரஸ் தாம்பத்திய உறவின் ஊடாகவே பெரும்பாலும் பரவுகின்றது. ஆனால் ஹலாலான உறவிலும் அது பரவும். மனைவியை இழந்து மறுமணம் செய்த ஒருவரிடம், தலாக்கின் பின் மறுபடியும் நிகாஹ் செய்தவரிடம் அது பல வருடங்கள் ஓர் அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். தன்னிடம் இருப்பது அவருக்கே தெரியாது. ஒழுக்கமாக வாழ்ந்த பெண்ணுக்கும் இந்நோய் வருகின்றது. எனவே நோய்வாய்ப்பட்ட ஒரு பெண்ணைப் பார்த்து 'எங்கிருந்து வந்தது' என்று கேட்பது அவதூறின் வாசலில் போய் நிற்பதாகும். மகளுக்கு ஊசி போடுவது அவளது கற்பைப் பற்றிய தீர்ப்பல்ல. நாளை அவள் ஒரு மனைவியாகப் போகின்றாள் என்பதற்கான முன்னேற்பாடு.

'ஏன் இவ்வளவு சின்ன வயதில்?' வைரஸ் உடலில் நுழையும் முன்னர் போட்டால்தான் ஊசி முழுப் பலன் தரும். வந்த பிறகு அதை வெளியேற்ற இந்த ஊசியால் முடியாது.

'ஊசி போட்டால் பிறகு பரிசோதனை வேண்டாமா?' வேண்டும். இப்புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் வகைகள் பல உண்டு. ஏறக்குறைய 70 சதவீதத்துக்குக் காரணமான இரண்டு வகைகளை இவ்வூசி தடுக்கின்றது. மீதிக்குப் பரிசோதனைதான் வழி.

சுவநாரிக் கிளினிக்கில் என்ன நடக்கிறது?

சுவநாரிக் கிளினிக்குகள் 1996 முதல் நாட்டில் நடைபெற்று வருகின்றன. பெண்களின் 35ஆவது வயதும் 45ஆவது வயதும் அங்கே முக்கியமாகக் கவனிக்கப்படுகின்றன. ஒரே வருகையில் பிரஷர் பார்ப்பார்கள், சீனி பார்ப்பார்கள், மார்பைப் பரிசோதிப்பார்கள், பப் பரிசோதனையும் செய்வார்கள்.

பப் பரிசோதனை என்றால் கருப்பைக் கழுத்தின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய தூரிகையால் சில கலங்களைத் தொட்டெடுப்பது. வெட்டுவதோ தைப்பதோ இல்லை. சில நிமிட வேலை. பின்னர் அது ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படும். மாதவிடாய் நாட்களில் போகாதீர்கள். முடிவில் மாற்றம் இருப்பதாகச் சொன்னால் புற்றுநோய் என்று முடிவெடுத்து அழாதீர்கள். பெரும்பாலும் அது மீண்டும் பார்க்க வேண்டும் என்பதற்கான அறிவிப்பே. முடிவு வரும்வரை விட்டுவிடாமல் கேட்டறிந்து கொள்வது உங்கள் பொறுப்பு.

அவ்ரத்துப் பற்றிய தயக்கம் நியாயமானது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். எடுத்துக்கொள்பவர் பெண்தானா என்று முன்கூட்டியே மருத்துவமாதுவிடம் கேளுங்கள். திரை மறைப்பு உண்டா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தேவைக்காக, தேவையான அளவுக்கு, பெண் ஒருவரிடம் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை.

சட்டம் தொடர்பாகவும் சிலர் கேட்கின்றார்கள். இப்பரிசோதனையால் குளிப்புக் கடமையாகாது. வுழூச் செய்துகொண்டு தொழலாம். ஓரிரு நாட்கள் சற்று இரத்தம் கசிந்தால் அது ஹைளு அல்ல. ஷாபிஈ மத்ஹபின்படி இது நோன்பை முறிக்கும் என்பதால் நோன்பில்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள். தசையில் போடும் தடுப்பூசியால் நோன்பு முறியாது.

விளங்கக் கேட்பதும் ஒரு மருந்து

ஊசியும் பரிசோதனையும் இருந்தும் சாச்சி ஏன் தப்பவில்லை? துண்டு வந்தது, விளக்கம் வரவில்லை. மருத்துவமாதுவைக் குறை சொல்லவில்லை. ஒருவருக்கு எத்தனையோ வீடுகள். ஆனால் வழிகாட்டலின் மூன்றாவது பகுதியான ஆலோசனை இல்லாவிட்டால் முதலிரண்டும் தாளில்தான் இருக்கும்.

எனவே கிளினிக்குக்குப் போகும்போது நான்கு கேள்விகளை மனனமாக வைத்துக்கொள்ளுங்கள். இது எந்த நோய்க்கானது? எனக்கு இதனால் என்ன நன்மை? இதனால் வரக்கூடிய சிரமம் என்ன? முடிவு எப்போது வரும், அதன் பின் என்ன செய்வது? விளங்காவிட்டால் இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள். சிங்களத்தில் சொன்னது புரியவில்லையென்றால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அங்கே பேசப்படுவது அமானிதம். உங்கள் அனுமதியின்றி அது வெளியே போகக் கூடாது.

நோயாளியைப் பார்க்கப் போகும் நாமும் அந்த அமானிதத்தைப் பேண வேண்டும். ஒருத்தி பரிசோதனைக்குப் போய்வந்ததைக் கலியாண வீட்டுப் பந்தலில் கதையாக்கினால் அடுத்த பத்துப் பேர் போகமாட்டார்கள்.

உங்கள் வீட்டுக்கு ஒரு சிறு குறிப்பு

குழந்தைக்கு: பிறந்ததும் பி.சி.ஜி.; 2, 4, 6 மாதங்களில் ஐங்கூட்டு ஊசியும் போலியோ மருந்தும்; 9 மாதத்திலும் 3 வயதிலும் எம்.எம்.ஆர்.; 12 மாதத்தில் மூளைக்காய்ச்சல் ஊசி; 18 மாதத்திலும் 5 வயதிலும் மேலதிக ஊசிகள். குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டைப் பிறப்புச் சான்றிதழோடு பத்திரமாக வையுங்கள்.

பாடசாலையில்: தரம் 6இல் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி., தரம் 7இல் எல்லோருக்கும் ஏற்பு, தொண்டைக்கரப்பான் ஊசி.

நிகாஹுக்கு முன்: ருபெல்லா ஊசி போட்டதா என்று பாருங்கள். தலசீமியாவுக்கான இரத்தப் பரிசோதனையை இரு தரப்பும் செய்யுங்கள். மணமக்கள் இருவரும் அதைச் சுமப்பவர்களானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. மச்சான், மச்சி உறவில் மணமுடிக்கும் குடும்பங்கள் இதை விசேடமாகக் கவனிக்க வேண்டும். சவூதி அரேபியாவில் 2004 முதல் திருமணத்துக்கு முன் இப்பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

20 வயதிலிருந்து: மாதம் ஒரு முறை மார்பைத் தாமே தடவிப் பார்த்தல். எமது நாட்டுப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. கட்டி வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

கர்ப்ப காலத்தில்: கிளினிக்கில் சொல்லும் சீனிப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள். அதில் சீனி கண்டவர்கள் பிள்ளைப் பேற்றின் பின்னும் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.

35 வயதில்: சுவநாரிக் கிளினிக். கணவர்மாருக்கும் இந்த வயதிலிருந்து ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் பிரஷரும் சீனியும் பார்க்கப்படும். அவர்களையும் அனுப்பி வையுங்கள்.

எந்த வயதிலும்: மாதவிடாய் நின்ற பின் ஒரு துளி இரத்தம் கண்டாலும், உறவின் பின் இரத்தம் கண்டாலும் கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.

அந்தத் தாயின் வீட்டில்

வைத்தியரைச் சந்தித்து வந்த அன்று மாலையே அந்தத் தாயின் வீட்டுக்கு மனைவியுடன் போனேன். "அன்று எனக்குத் தெரியாமல்தான் சொன்னேன், என்னை மன்னியுங்கள்" என்று தொடங்கினேன். விடயங்களை விளக்கியது என் மனைவிதான். நான் வாப்பாவோடு திண்ணையில் இருந்தேன். அந்தப் பிள்ளைக்கு சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டு ஊசி போட்டார்கள். மற்ற வீடுகளுக்கும் போனோம். பலர் சம்மதித்தார்கள். இரு வீட்டார் கடைசிவரை சம்மதிக்கவில்லை. "மௌலவி, நீங்கதானே முதலில் வேணாம் என்டீங்க" என்றார் ஒரு வாப்பா. அதற்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. சொல்லிவிட்ட வார்த்தையைத் திருப்பி எடுப்பது எத்தனை கடினம் என்பதை அன்று படித்துக்கொண்டேன்.

35 வயதில் போகத் தவறிய என் மனைவியும் அதே மாதம் கிளினிக்குக்குப் போய்வந்தார். திரும்பி வந்து அவர் சொன்னது: "இதற்கா இவ்வளவு காலம் பயந்தோம்?"

சகோதரிகளே, உங்கள் வீட்டில் 35 வயதை எட்டியவர், அதைத் தாண்டியும் ஒரு முறையும் போகாதவர் யார் என்று இன்று இரவே எண்ணிப் பாருங்கள். உம்மாவா, ராத்தாவா, மாமியா, நீங்களேயா? தனியாகப் போக வெட்கமென்றால் இருவராகப் போங்கள். எமது சாச்சிக்குக் கொடுக்கப்பட்ட துண்டு உங்கள் கைக்கும் வரும். வந்தால், 'எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அல்ஹம்துலில்லாஹ், வருத்தம் இல்லாத நாளே போவதற்கு உகந்த நாள்.